வராத வண்டிக்குச் சிவப்பு மை

செப்டம்பர் 30, திங்கள்

காலை 6.10க்குக் கம்ப்யூட்டரைப் போட்டேன். படம் எதுவும் வரவில்லை. ஃபோல்டரைத் திறந்தால் "உங்கள் கணக்கில் மீண்டும் உள்நுழையவும்" என்று ஒரு நீலப் பட்டை. பழைய படங்கள் பக்கத்தில் எல்லாம் சின்னதாக ஒரு மேகக் குறி நிற்கிறது. தட்டினால் திறக்க மறுக்கிறது. பாஸ்வேர்டு கேட்கிறது. எனக்கு எப்படித் தெரியும்?

கணக்கு என்னுடையது அல்ல. என் மகளாக இருந்தவள் கல்லூரிக் காலத்தில் இந்தக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்தது. போன வருஷம் ஜூலையில் வேறு சாதி ஆட்களில் ஒருவனைக் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் போனபோது இதை மூட மறந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் போனில் எடுக்கிற படமெல்லாம் தானாக இங்கே வந்து விழுகிறது. நான் வரவழைக்கவில்லை. வருகிறது, பார்க்கிறேன். வீட்டுக்குள் வருகிற எதையும் வீட்டுக்காரன் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர் வேலை. வந்த வண்டிக்கு நீல மை, வராத வண்டிக்குச் சிவப்பு மை. ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் கை சும்மா இருப்பதில்லை. இந்த டைரியில் தினமும் படம் வந்த நேரத்தைக் குறித்துவிடுகிறேன். நேற்று ஞாயிறு, பகல் 12.20 முதல் 1.05 வரை நாற்பத்தொன்று. களையெடுத்து மூன்று வைத்தேன்.

இன்று சிவப்பு.

"ஏனுங்க, கரண்டு பில்லு கட்டிப்போட்டீங்களா?" என்று மயிலாத்தாள் சமையலறையிலிருந்து கேட்டாள். என் மனைவி. பதினைந்து மாதமாகத் தினமும் காலையில் நான் கரண்ட் பில் கட்டுவதாக நம்பிக்கொண்டிருக்கிற அப்பாவி.

அக்டோபர் 1, செவ்வாய்

பிறந்த தேதியைப் போட்டேன். தவறு. கல்லூரி அடையாள எண். தவறு. வளர்த்த நாயின் பெயர். தவறு. ஐந்தாவது தடவை "24 மணி நேரம் கழித்து முயலவும்" என்று விரட்டிவிட்டது. என் வீட்டில், என் மேஜைமேல், நான் வாங்கிய கம்ப்யூட்டர்.

அக்டோபர் 2, புதன்

உதவிப் பக்கத்தைத் தமிழில் போட்டு முழுக்கப் படித்தேன். கம்ப்யூட்டரின் கடிகாரம் தப்பாக ஓடினால் கணக்குத் திறக்காதாம். பார்த்தேன், பதினோரு நிமிஷம் பின்தங்கி இருந்தது! நேரக் காப்பாளர் வீட்டுக் கடிகாரம். வெட்கத்தோடு சரிசெய்து, மோடத்தை அணைத்துப் போட்டு, நம்பிக்கையோடு உட்கார்ந்தேன்.

அதே நீலப் பட்டை.

மதியம் தண்ணீர்த் தொட்டி கழுவினேன். முதுகு பிடித்துக்கொண்டது.

அக்டோபர் 3, வியாழன்

எதற்கு இவ்வளவு அவசரம் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள்.

ஆகஸ்டில் அவளுடைய ஸ்கேன் ரிப்போர்ட்டின் படம் வந்தது. அச்செடுத்துக்கொண்டுபோய், சொந்தக்காரப் பெண்ணுடையது என்று சொல்லி மெடிக்கல்காரரிடம் காட்டினேன். "நஞ்சுக்கொடி கீழ எறங்கியிருக்குதுங்க. ரத்தம் போகக்கூடாது. பக்கத்துல ஆள் இருக்கோணும்" என்றார். பிரசவத் தேதி அக்டோபர் 28 என்று அதிலேயே போட்டிருந்தது. என் அக்கா கண்ணம்மாளுக்கும் நஞ்சு கீழேதான் இருந்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியில், காரிலேயே போய்விட்டாள். அப்போது எனக்குப் பதினேழு வயது. அவள் தலை என் மடியில் இருந்தது.

ஆகவே 28ஆம் தேதி தாண்டுகிறவரை வீட்டைவிட்டுப் போனவள் படம் வர வேண்டும். அவ்வளவுதான். பாசம் கீசம் என்று ஒன்றும் இல்லை.

அவள் செத்துவிட்டாள் என்று ஊருக்குச் சொன்னவனும் நான்தான். அவள் போன மூன்றாம் நாள், கல்லூரிப் படத்தைப் போட்டு, "கண்ணீர் அஞ்சலி" என்று இருநூறு போஸ்டர் அடித்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து சந்தைவரை ஒட்டினேன். ஆற்றில் தலை முழுகினேன், மயிலாத்தாளையும் முழுக வைத்தேன். ஆல்பங்களை வெந்நீர் அடுப்பில் போட்டேன். எங்கள் பக்கத்தில் இப்படிச் செய்கிறவர்கள் உண்டு. பங்காளிகள் வீடு தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

அக்டோபர் 5, சனி

இ-சேவை மையம் வைத்திருக்கும் மெஹருன்னிசாவைக் கூப்பிட்டேன். எனக்கு ஈமெயில் போட்டுக் கொடுத்ததும், வருஷா வருஷம் பென்ஷனுக்கு வாழ்நாள் சான்று எடுத்துக் கொடுப்பதும் அவள்தான். நாற்பது வயது இருக்கும். மயிலாத்தாள் கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்து வரச் சொன்னேன்.

"இது யாரோட கணக்குங்ண்ணா?"

"சொந்தக்காரப் பொண்ணோடது."

திரையில் இருந்த பெயரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் கடைச் சுவரிலும் அந்தப் போஸ்டர் ஒட்டியிருந்தது. வேலையில் இறங்கினாள். கம்ப்யூட்டரில் எங்கோ சேமித்திருந்த பழைய பாஸ்வேர்டைத் தோண்டி எடுத்துப் போட்டாள். "இந்தப் பாஸ்வேர்டு 6 நாட்களுக்கு முன் மாற்றப்பட்டது" என்று வந்தது.

"அவங்களேதான் மாத்தியிருக்காங்ண்ணா. ஞாயித்துக்கெழமை. அன்னைக்கு இதுல ஏதாச்சும் செஞ்சீங்களா?"

"ஒண்ணும் செய்யலியே. வேண்டாத படத்தத்தான் அழிச்சேன். எப்பவும் அழிக்கறதுதான்."

மவுஸின் மேல் இருந்த அவள் கை நின்றுவிட்டது.

"அண்ணா, இது காப்பின்னு நெனச்சீங்களா? ரெண்டும் ஒண்ணுதானுங்க. இங்க அழிச்சா அவங்க போன்லயும் அழிஞ்சிரும்."

"வீட்டுல இருக்கறத அழிச்சா அங்க எப்படிப் போகும்?"

"போயிருமுங்ண்ணா. ஞாயித்துக்கெழமைது வேணா அவங்க தேடி எடுத்துக்கலாம். ஒரு மாசத்துக்கு முந்தி அழிச்சது, போனது போனதுதான்."

அவளை அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். என்னென்ன களையெடுத்தேன் என்று யோசித்தேன். அந்த ஆள் முகம் இருந்த படம் எல்லாம். கோயில் வாசலில் மாலையும் கழுத்துமாக நின்றது. புது வீட்டில் பால் காய்ச்சியது. மழையில் ஒரே குடைக்குள் நின்றது. எனக்கு அவன் மூஞ்சி வேண்டாம், அவள் மட்டும் போதும் என்று ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி அழித்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது வளைகாப்பு. பெண் வீட்டார் யாரும் இல்லாத வளைகாப்பு. அவனே வளையல் போட்டுவிட்டுக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டையும் அழித்தேன்.

அன்று சாயங்காலம் அவள் போனைத் திறந்து பார்த்திருப்பாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

சிவப்பு.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. ஸ்கூட்டர், அரிவாள்மனை, டிப்போவில் கொடுத்த கைக்கடிகாரம், எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள் மயிலாத்தாள். கம்ப்யூட்டருக்கும் சந்தனம் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

"படம் வாரதில்லீங்களா இப்ப?" என்றாள்.

பொட்டு வைத்த கைக்கடிகாரத்தை எடுத்துச் சாவி கொடுத்தேன்.

"நீங்க நடக்கப் போற ஒரு மணி நேரம் நானும் பாக்கறனுங்க. மொத நாள்ல இருந்தே. வளகாப்புப் படமும் பாத்தேன். நீங்க தோட்டத்துக்குப் போயிருந்தீங்க. திரும்பி வந்து பாத்தா ஒண்ணையுங் காணோம்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"ஒரு படத்துல தட்டம் இருந்துச்சு, பாத்தீங்களா? வெத்தல பாக்குக்குப் பக்கத்துல ஒரு சோடிப் பச்ச வளவி தனியா எடுத்து வெச்சிருந்துச்சு நம்ம அம்மிணி. அது எனக்குங்க."

நான் அந்தத் தட்டைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்த கை அவனுடையது என்பதை மட்டும்தான் பார்த்தேன்.

அக்டோபர் 12, சனி

மயிலாத்தாள் கம்ப்யூட்டரைத் துடைக்கும் துணியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். தனியாக ஒரு துணி வைத்திருந்திருக்கிறாள். இத்தனை நாள் கண்ணில் படவில்லை.

அக்டோபர் 16, புதன்

ரேஷன் கடை. பருப்பு இல்லை. அப்படியே மெஹருன்னிசா கடைக்குப் போனேன்.

வேறு வழியே இல்லையா என்று கேட்டேன். ஓ.டி.பி. அந்தப் பெண்ணின் புது நம்பருக்குத்தான் போகும், நம்பர் இருந்தால் பேசியே விடலாமே என்றாள். கம்பெனிக்கு எழுதினால்? பெற்றவர்கள் என்று சொன்னாலும் மற்றவர் கணக்கைத் திறந்துவிட மாட்டார்களாம்.

"கணக்கு வெச்சிருக்கறவங்க எறந்துட்டா மட்டும் குடும்பத்துக்காரங்க சான்று குடுத்துக் கேக்கலாமுங்க. அது நமக்கெதுக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு, "நேராப் போயிப் பாத்துட்டு வந்துருங்களேண்ணா" என்றாள்.

"எங்க இருக்குதுன்னு தெரியாது."

"தெரிஞ்சாப் போவீங்களா?"

உருளைக்கிழங்கு வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 19, சனி

சிவப்பு. கனவில் கண்ணம்மாள் அக்கா வந்தாள். கார் போய்க்கொண்டே இருக்கிறது, ஆஸ்பத்திரி வரவேயில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

செய்துவிட்டேன்.

மயிலாத்தாள் ஒரு எழவு வீட்டுக்குப் போயிருந்தாள். அந்தப் படிவத்தைத் தேடி எடுத்தேன். இரண்டு விரலால் தட்டித் தட்டி ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இறந்தவர் பெயர்: கோகிலவாணி. பதினைந்து மாதத்தில் அந்தப் பெயரை இன்றுதான் எழுதினேன். முழுப் பெயரையும் அடிப்பதற்குள் கண்ணாடியை இரண்டு தடவை துடைக்க வேண்டியிருந்தது. உங்கள் உறவு: தந்தை. இறந்த தேதி: போன வருஷம் ஜூலை 9, போஸ்டரில் போட்ட தேதி.

சான்றாக இறப்புச் சான்றிதழோ அச்சிட்ட இரங்கல் அறிவிப்போ போதும் என்று இருந்தது. பரணில் ஏறி மீதிப் போஸ்டரில் ஒன்றை எடுத்து, கட்டில்மேல் விரித்து, போனில் படம் எடுத்து இணைத்தேன். "எங்கள் அன்பு மகள்" என்று போட்டிருந்தேன். அச்சகத்துக்காரர் எல்லோருக்கும் போடுவதுதான் அது, நான் எடுக்கச் சொல்ல மறந்துவிட்டேன்.

பொய்ப் படிவம்தான். தெரியும். ஆனால் உயிரோடு இருக்கிறாளா என்று பார்ப்பதற்காகத்தானே இந்தப் பொய்? யாருக்கு என்ன நஷ்டம்? எங்கோ ஒரு ஆபீசில் ஒரு மிஷின் படித்துவிட்டுத் திறந்துவிடப் போகிறது. "பதினைந்து நாட்களுக்குள் பதில் வரும்" என்று உடனே ஒரு மெயில் வந்தது.

அக்டோபர் 25, வெள்ளி

மெயில் பார்த்தேன். இல்லை. கேஸ் சிலிண்டர் வந்தது.

அக்டோபர் 28, திங்கள்

இன்று 28.

காலையிலேயே மயிலாத்தாள் குளித்து விளக்கேற்றிவிட்டாள். பட்டினி இருக்கிறாள் என்று மதியம்தான் தெரிந்தது. சாயங்காலம் என் எதிரில் வந்து நின்று, "போலாமுங்களா?" என்றாள். எங்கே என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வைத்திருப்பாள் என்று பயமாக இருந்தது. காது கேட்காத மாதிரி பேப்பரைத் திருப்பினேன்.

நான் கோழை. வேறு எப்படி எழுதுவது?

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து அதிரசம் வந்தது, அப்படியே இருக்கிறது. மெயில் இல்லை. பட்டாசுச் சத்தத்தில் ஒவ்வொரு தடவையும் போன் மணி என்று நினைத்து மயிலாத்தாள் எழுந்து எழுந்து வந்தாள்.

நவம்பர் 4, திங்கள்

வாழ்நாள் சான்று கொடுக்கப் போனேன். பென்ஷன் வாங்குகிறவன் வருஷத்துக்கு ஒரு முறை தான் சாகவில்லை என்று நிரூபிக்க வேண்டும். மெஹருன்னிசா என் கட்டைவிரலை மிஷினில் வைத்து அழுத்தினாள். ரேகை தேய்ந்துபோய்விட்டதாம், ஏற்கவில்லை. ஒவ்வொரு விரலாக மாற்றி, ஏழாவது விரலில் பச்சை விளக்கு எரிந்தது.

"இருக்கீங்ண்ணா" என்று சிரித்தாள். எப்போதும் சொல்கிற வேடிக்கைதான். இன்று எனக்கு அவமானமாக இருந்தது.

நவம்பர் 6, புதன்

காலை 9.40க்கு மெயில் வந்தது. அப்படியே எழுதிவைக்கிறேன்.

"உங்கள் கோரிக்கையைப் பரிசீலித்தோம். நீங்கள் அனுப்பிய சான்று, சரிபார்ப்புக்காகக் கணக்கின் உரிமையாளருக்கு அனுப்பப்பட்டது. தாம் உயிருடன் இருப்பதை அவர் நவம்பர் 5 அன்று உறுதிசெய்துள்ளார். எனவே உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. இது தானியங்கி மடல். பதில் அனுப்ப வேண்டாம்."

நவம்பர் 5. இருபத்தெட்டு தாண்டி எட்டு நாள். உயிரோடு இருக்கிறாள்! நான்கு தடவை படித்தேன். "மயிலாத்தா, அம்மிணி இருக்குது, நல்லா இருக்குது" என்று கத்திவிட்டேன். அவள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரையை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

"கொழந்த?"

"அது இதுல இல்ல."

மறுபடி முதலிலிருந்து படித்தாள். விரல் இரண்டாவது வரியில் நின்றது.

"என்ன சான்று அனுப்புனீங்க?"

கட்டிலடியில் பாதி தெரிந்த போஸ்டரை அவளே பார்த்துவிட்டாள். பரணில் திருப்பி வைக்காமல் விட்டிருந்தேன்.

அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். உட்கார்ந்து, சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொன்னாள்.

"அம்மிணிக்கு இது தெரியாதுங்க. அது போயி மூணாம் நாளுதான நீங்க ஒட்டுனீங்க. ஆருஞ் சொல்லிப்போடாதீங்கன்னு அதோட படிச்ச புள்ளைக ஒவ்வொருத்தி கால்லயும் உளுந்து கேட்டுக்கிட்டேன். பதினஞ்சு மாசம் காப்பாத்தி வெச்சிருந்தேன். நீங்களே அது கையில கொண்டுபோயிக் குடுத்துப்போட்டீங்க. பச்ச ஒடம்புக்காரி. நான் சாகலீங்க, உசுரோட இருக்கறனுங்கன்னு எவனுக்கோ எழுதிக் குடுத்திருக்குதே, எந்தக் கையில எழுதுச்சோ."

அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகிய வாசனை வந்தது. இரண்டு பேரும் எழுந்து போகவில்லை.

நவம்பர் 7, வியாழன்

மயிலாத்தாள் கிளம்பிவிட்டாள். திருப்பூருக்கு. பால் காய்ச்சிய அன்று வந்த படம் ஒன்றில், வாசலுக்கு எதிரில் ரேஷன் கடைப் பலகை தெரிந்ததாம். கடை எண், தெருப் பெயர் எல்லாம் அதில் படித்து மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அந்தப் படத்தையும் நான் அழித்திருக்கிறேன். அழிப்பதற்கு முன் நான் அவன் மூஞ்சியைப் பார்த்தேன், அவள் பலகையைப் பார்த்திருக்கிறாள்.

பையில் பழைய வெள்ளைச் சேலை இரண்டு கிழித்து மடித்து வைத்தாள், குழந்தைக்கு. வசம்பு, பெருங்காயம், தேன். கடையில் வாங்கிய பச்சை வளையல் ஒரு சோடி.

"நானும் வரட்டுமா?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"எந்த மொகத்தோட வருவீங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டாள். நானும் யோசித்துப் பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்டுவரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. வண்டி எடுத்த நேரம் 10.15. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

போன் வரவில்லை. நான் இரண்டு தடவை போட்டேன். மணி அடித்து ஓய்ந்தது.

நவம்பர் 9, சனி

காலை 6.10க்குக் கம்ப்யூட்டரைப் போட்டேன். உள்நுழையவும் என்றது. அணைத்துவிட்டேன்.

மீதிப் போஸ்டர்களைக் கொளுத்திவிடலாம் என்று பரணிலிருந்து இறக்கினேன். கட்டிலடியில் இருந்ததோடு சேர்த்துப் பதினெட்டு. வெந்நீர் அடுப்பைப் பற்றவைத்து முதல் தாளைக் கையில் எடுத்தேன். கல்லூரிக் கடைசி வருஷம் எடுத்த படம். பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். காதில் நான் வாங்கிக் கொடுத்த தோடு.

ஆல்பத்தை அன்றே எரித்துவிட்டேன். மற்றதெல்லாம் அந்தக் கணக்குக்குள் கிடக்கிறது. இந்த வீட்டில் கோகிலாவின் முகம் இருப்பது இனி இந்தப் போஸ்டரில் மட்டும்தான்.

தண்ணீர் ஊற்றி அடுப்பை அணைத்தேன். பதினெட்டையும் மடிப்பு விழாமல் சுருட்டி, திரும்பப் பரணில் வைத்தேன்.